சாம்பிராணிப் புகை எங்கே போகிறது?

ஊதுபத்தி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நான்கடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். பத்தியின் நுனியிலிருந்து புகை நூல் பிடித்ததுபோல நேராக மேலே போகும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம்வரை அப்படியே போகும். அதற்குமேல் அந்த நூல் நெளியத் தொடங்கும். நெளிவு சுருளாகும். சுருளுக்குள் இன்னொரு சுருள் முளைக்கும். கடைசியில் எல்லாம் கலைந்து அறைக்குள் பரவிவிடும். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாலும் இதே கதைதான். யாரும் ஊதவில்லை, யாரும் விசிறவில்லை. நேராகப் போய்க்கொண்டிருந்த புகை ஏன் குழம்பியது?

என் சின்ன வயதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டி சாம்பிராணி போடுவார். கூடத்தில் நின்று தூபக்காலை ஆட்டுவார். ஆனால் புகை கூடத்தில் நிற்காது, நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்து கொல்லைப்பக்கம் போய்விடும். ஏன் பாட்டி என்று கேட்டால், “இந்த வீட்டுக் காற்று வழி அப்படி” என்பார். அந்தக் காற்று வழியைக் கணினிக்குள் வரைந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பீரோ, கட்டில் எதுவுமே இல்லை. காலி அறை என்று சொல்வோம். ஆனால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை சுமார் 40 கிலோ! உங்களில் பலருடைய எடையைவிட அதிகம். இந்த 40 கிலோ காற்றும் சும்மா இருப்பதில்லை. சன்னலையும் கதவையும் சாத்திவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் பட்ட சுவர் பக்கத்துக் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும். உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளின் உடம்பு, பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தால் உங்கள் தலைக்கு மேலே எப்போதும் ஒரு மெல்லிய காற்றுத்தூண் எழும்பிக்கொண்டிருக்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பறையில் அப்படி 40 தூண்கள்! கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, புகை ஏன் குழம்பியது? இதைத் தண்ணீரில் அழகாகச் செய்து காட்டியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துப் பேராசிரியர். 1883இல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நீளமான கண்ணாடிக் குழாயை வைத்தார். குழாயில் தண்ணீர் ஓடும்போது அதன் நடுவில் சாயத்தை மெல்ல விட்டார். தண்ணீர் மெதுவாக ஓடினால் சாயம் கோடு கிழித்தாற்போல் நேராகப் போனது. இதற்கு வரிச்சீர் ஓட்டம் என்று பெயர். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் கோடு சட்டென்று உடைந்து, குழாய் முழுவதும் சாயம் நிறைந்துவிட்டது. வெறும் கலங்கலாகத் தெரிந்த அதை, மின்பொறியின் நொடிநேர வெளிச்சத்தில் பார்த்தார். கலங்கல் இல்லை, அத்தனையும் சுருள் சுருளான சுழல்கள்! இதுதான் சுழற்சி ஓட்டம். கொந்தளிப்பு ஓட்டம் என்றும் சொல்வார்கள்.

வேகம் கூடினாலும், ஓடும் இடம் அகலமானாலும் ஓட்டம் கொந்தளிக்கும். தேன்போலப் பிசுபிசுப்பான திரவம் கொந்தளிக்காமல் அடங்கி ஓடும். இந்த மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிப் பார்க்கலாம் என்று ரெனால்ட்ஸ் கண்டார். அதற்கு இன்று ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். சிறிய எண் என்றால் ஓட்டம் சீராக இருக்கும், பெரிய எண் என்றால் கொந்தளிக்கும். பத்திப் புகையோடு மேலே போகும் வெதுவெதுப்பான காற்று, போகப் போக வேகமெடுக்கிறது, அகலமும் ஆகிறது. ஒன்றரைச் சாணுக்கு மேலே அது எல்லை தாண்டிவிடுகிறது. புகை குழம்பிய ரகசியம் அதுதான்.

காற்று எப்படி ஓட வேண்டும் என்ற விதி நமக்குத் தெரியாததா? தெரியும். நியூட்டனின் விதிகளோடு பிசுபிசுப்பையும் சேர்த்து, பிரான்சின் நேவியர் 1822இலும் அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் 1845இலும் சமன்பாடுகளை எழுதிவிட்டார்கள். எழுதுவதற்கு இரண்டு மூன்று வரிதான். தீர்ப்பதுதான் பாடு. இந்தச் சமன்பாடுகளுக்கு எப்போதுமே ஒழுங்கான விடை உண்டா என்று நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. அந்தப் பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது!

முழுவதையும் ஒரே மூச்சில் தீர்க்க முடியாவிட்டால் என்ன செய்வது? தோசையைப் பிய்த்துத்தானே சாப்பிடுகிறோம். அறையையும் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்துவிடலாம். மெய்யாகவே பெட்டி வைப்பதில்லை, மனக்கணக்கில்தான். தரையிலிருந்து கூரைவரை, சுவரிலிருந்து சுவர்வரை, பெட்டிமேல் பெட்டியாக அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு பக்கம், ஆறிலும் கதவு. மளிகைக் கடையில் வரவு, செலவு, இருப்பு என்று எழுதுகிறார்கள் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். இந்தக் கதவு வழியாக எவ்வளவு காற்று வந்தது, அந்தக் கதவு வழியாக எவ்வளவு போனது? வந்த காற்று எவ்வளவு வேகத்தையும் வெப்பத்தையும் கொண்டுவந்தது? பக்கத்துப் பெட்டி எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது? எல்லாவற்றையும் எழுதி முடித்தால், நொடியில் நூறில் ஒரு பங்கு கழித்து அந்தப் பெட்டியில் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அதை வைத்து அடுத்த நூறில் ஒரு பங்கு. பிறகு அதற்கடுத்தது. ஒரு பெட்டியின் கணக்கை நீங்களே நோட்டில் போட்டுவிடலாம். பெட்டிகள்தான் ஏராளம்.

இப்படிக் காற்றைக் கட்டம் கட்டிக் கணக்குப் போட முதலில் துணிந்தவர், கணினி பிறப்பதற்கு முன்பே துணிந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பெயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், ஆங்கிலேயர். போர் செய்வதில்லை என்ற கொள்கை உடையவர். அதனால் முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டப் போனார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கியது போக மிஞ்சிய நேரத்தில், குளிர் நடுங்கும் விடுதியில், வைக்கோல் குவியல்தான் அவருக்கு அலுவலகம். அதில் உட்கார்ந்து 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைப் பெட்டி பெட்டியாகக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேர வானிலைக்குக் கணக்குப் போடவே பல வாரங்கள் ஆயின. விடை என்ன தெரியுமா? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. சாதாரணக் காற்றழுத்தமே சுமார் 1,013 மில்லிபார்தான். அன்று உண்மையில் அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை. அப்பட்டமான தவறு!

ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட புத்தகத்தில் தவறான விடையையும் அப்படியே அச்சிட்டார். அவருடைய முறை சரியானதுதான் என்று பிற்காலத்தில் தெரிந்தது. கணக்கைத் தொடங்க எடுத்துக்கொண்ட அளவுகளில் இருந்த சின்னச் சின்னப் பிசகுகள்தான் பெருகி விடையைக் கெடுத்திருந்தன. அதே புத்தகத்தில் ஒரு கனவையும் எழுதினார். உருண்டையான பெரிய அரங்கம், சுவர் முழுக்க உலகப் படம். அதில் 64,000 பேர் உட்கார்ந்து, அவரவர் இருக்கும் பகுதியின் கணக்கில் ஆளுக்கொரு பங்கைப் போடுகிறார்கள். நடுவே உயரமான மேடையில் ஒரு தலைவர் நிற்கிறார். முந்திக்கொண்டு ஓடும் பகுதியின்மேல் ரோஜா நிற விளக்கைக் காட்டுகிறார், பின்தங்கும் பகுதியின்மேல் நீல விளக்கைக் காட்டுகிறார், எல்லோரும் ஒன்றாக முன்னேற வேண்டும் என்பதற்காக. இன்றைய சூப்பர் கணினிகளுக்குள் லட்சக்கணக்கான சிறு கணிப்பான்கள் பெட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று காத்திருந்து வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான்.

பெட்டி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? நம்முடைய 12 அடி அறையை 10 சென்டிமீட்டர் பெட்டிகளாகப் பிரித்தால் 34,000 பெட்டிகள் வரும். மடிக்கணினியே போதும். ஆனால் ஊதுபத்திச் சுருளை நினைத்துப் பாருங்கள். பெரிய சுழல் உடைந்து சிறிய சுழலாகிறது, அது உடைந்து அதைவிடச் சிறியதாகிறது. கடைசியில் சுழலவே முடியாத அளவுக்குச் சிறுத்து, பிசுபிசுப்பில் மாட்டி, வெப்பமாகக் கரைந்துபோகிறது. இதையும் கவனித்துச் சொன்னவர் ரிச்சர்ட்சன்தான். 1941இல் ரஷ்யாவின் கோல்மோகோரோவ் அதற்குக் கணக்கு எழுதினார். ஓர் அறையில் பெரிய சுழல் அறையளவு இருக்கும், சிறிய சுழல் மில்லிமீட்டர் அளவுதான். அந்தச் சின்னஞ்சிறு சுழலையும் விடாமல் பிடிக்க மில்லிமீட்டர் பெட்டி வேண்டும். அப்படியானால் எத்தனை பெட்டி? 3,400 கோடி! இதோடு முடியவில்லை. பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் பெட்டிகள் 8 மடங்காகும். சின்னப் பெட்டியைக் காற்று சீக்கிரம் கடந்துவிடுவதால், நேரத்தையும் பாதிப் பாதியாக எடுத்துவைக்க வேண்டும். ஆக வேலை 16 மடங்கு. சாதாரண அறைக்கே இவ்வளவு என்றால், சினிமா அரங்கத்துக்கு?

அதனால் சிறு சுழல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடாமல் சமாளிக்க வழி தேடினார்கள். ஓடும் மின்விசிறியைப் பாருங்கள். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிவதில்லை, ஒரு மங்கலான வட்டம்தான் தெரிகிறது. அதுபோலக் காற்றின் துடிப்பையும் சராசரியாக்கி ஒரு மங்கலாகப் பார்த்தால் போதும் என்பது ஒரு வழி. 1970களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் லாண்டர், ஸ்பால்டிங் என்ற இருவர் இதைப் பக்குவப்படுத்தினார்கள். ஒவ்வொரு பெட்டியின் கணக்கிலும் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொன்னார்கள். சுழல்களின் துள்ளலில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது ஒன்று, அந்தத் துள்ளல் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கே, எப்சிலான் என்ற எழுத்துகளை வைத்ததால் அந்த முறைக்கே கே-எப்சிலான் என்று பெயர் வந்துவிட்டது. இன்னொரு வழி, பெரிய சுழல்களை அப்படியே கணக்கிட்டு, சிறியவற்றுக்கு மட்டும் ஊகத்தைப் பயன்படுத்துவது. இதை 1963இல் அமெரிக்காவின் ஸ்மகோரின்ஸ்கி வானிலைக் கணக்குக்காக உருவாக்கினார். இதற்குக் கணினி வேலை அதிகம், படமும் அதிகத் தெளிவு.

ஊகம் என்று வந்துவிட்டால் சரிபார்க்கத்தானே வேண்டும்? வீட்டுப்பாடத்தில் விடையைப் பின்பக்கம் பார்ப்பதுபோல, அறைக்காற்றுக் கணக்குக்கும் ஒரு விடைப்பக்கம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நீல்சன் 1974இல், அறைக்குள் ஓடும் காற்றைக் கணினியில் கணக்கிட்டு முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். இந்தத் துறையின் முன்னோடி அவர். அவருடைய ஆய்வுகளிலிருந்து பிறந்த ஒரு மாதிரி அறை, 1990இல் உலகத்துக்கே பொதுவான சோதனைக் கேள்வியானது. 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். இடதுசுவரில் கூரையை ஒட்டி 16.8 சென்டிமீட்டர் பிளவு, அதன் வழியாகக் காற்று நொடிக்கு 45.5 சென்டிமீட்டர் வேகத்தில் நுழைகிறது. வலதுசுவரில் தரையை ஒட்டி 48 சென்டிமீட்டர் திறப்பு, அதன் வழியாக வெளியேறுகிறது. இதன் சிறு மாதிரியைச் செய்து, லேசர் ஒளியால் காற்றின் வேகத்தை இடம் இடமாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு யோசியுங்கள். இடதுமேல் மூலையில் நுழையும் காற்று எந்த வழியாக வலதுகீழ் மூலைக்குப் போகும்? குறுக்கே சாய்வாக என்றுதானே தோன்றுகிறது! அப்படிப் போவதில்லை. அது கூரையோடு ஒட்டிக்கொண்டு, கோடிச் சுவர்வரை போகிறது. ஓடும் காற்று தன் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். கீழ்ப்பக்கம் இழுக்கக் காற்று நிறைய இருக்கிறது, மேல்பக்கம் கூரைதான் இருக்கிறது. அதனால் அங்கே அழுத்தம் குறைந்து, காற்று கூரையோடு ஒட்டிக்கொள்கிறது. கோடியில் போய் இறங்கிய பிறகாவது எல்லாம் வெளியே போய்விடுமா? இல்லை. கொஞ்சம்தான் வெளியேறும். மிச்சம் தரையோடு திரும்பி, வந்த திசைக்கே போகும். அறை முழுவதும் பெரிய உருளைபோல ஒரே சுழல்! கே-எப்சிலான் முறை இந்தப் பெரிய உருளையை நன்றாகவே சொல்லிவிடும். மூலைகளில் ஒளிந்திருக்கும் குட்டிச் சுழல்களைத்தான் பல நேரம் தவறவிடும். இன்றும் புதிதாகக் கணக்கு முறை எழுதுகிறவர்கள் இந்த அறையில்தான் அதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

கணினிக் கணக்கு மிகவும் கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம். அங்கே எல்லாம் மிதப்பதால் சூடான காற்று மேலே எழும்பாது. மேல், கீழ் என்பதே கிடையாதே! தூங்குகிறவர் விடும் மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். அதையே திரும்பத் திரும்ப இழுத்தால் தலைவலி வரும், மூச்சு முட்டும். அதனால் படுக்கும் சிற்றறையிலும் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பூமியில் வைத்துச் சோதிக்கலாம் என்றால், இங்கே சாதாரண அறையில் சூடான காற்று எழும்பிவிடும். கணினியில் அந்தக் கவலை இல்லை. கணக்கில் புவியீர்ப்பு என்று எழுதிய இடத்தில் பூஜ்யத்தைப் போட்டால் போதும்.

இனி நான் சொல்லப்போவது ஒரு சாப்பாட்டு விடுதியின் கதை. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒரு விடுதியில் பலர் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள், மொத்தம் 21 பேர். அவர்களில் ஒருவருக்குக் கொரோனா தொற்று இருந்தது, அப்போது யாருக்கும் தெரியாது. சில நாட்களில் அந்த மூன்று மேசைகளிலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் உறுதியானது. மற்ற மேசைகளில் ஒருவருக்கும் இல்லை, பரிமாறியவர்களுக்கும் இல்லை. ஒருவரையொருவர் தெரியாத குடும்பங்கள். மேசைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேறு. பிறகு எப்படி?

ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யூகோ லீயும் மற்ற ஆய்வாளர்களும் துப்பறிவாளர்களைப்போல இறங்கினார்கள். கேமராப் பதிவைப் பார்த்து யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்தார்கள். அதே விடுதியில் அடையாள வாயு ஒன்றைக் கலந்துவிட்டு, அது எங்கெங்கே போகிறது என்று அளந்தார்கள். கணினிக்குள்ளும் அந்த அறையைக் கட்டி, பெட்டி பெட்டியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே விடையைச் சொல்லின. சுவரில் இருந்த ஏசி ஊதிய காற்று மூன்று மேசைகளையும் கடந்து, திரும்பி வந்து, மறுபடி அதே ஏசிக்குள் நுழைந்தது. நீல்சனின் அறையில் பார்த்தோமே, அந்த உருளை! மூன்று குடும்பங்களும் ஒரே உருளைக்குள் உட்கார்ந்திருந்தன. எக்சாஸ்ட் விசிறிகளும் அன்று ஓடவில்லை. கதவு திறந்து மூடும்போது எட்டிப் பார்த்த காற்றைத் தவிரப் புதுக்காற்றே இல்லை. ஓர் ஆளுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 லிட்டர்தான் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வேண்டும் என்கிறது.

அதே 2020இல் ஜப்பானின் கோபே நகரத்து ஃபுகாகு கணினியில் வகுப்பறைகளையும் ரயில்பெட்டிகளையும் இப்படிக் கட்டிப் பார்த்தார்கள். அப்போது உலகத்திலேயே வேகமான கணினி அது. ஒருவர் இருமினால் துளிகள் எங்கே போகும், சன்னலைத் திறந்தால் என்ன மாறும் என்று படமாகக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணால் பார்த்த பிறகு, சன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்ல வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. ‘ஃபேன் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, காற்று வருகிறதே’ என்று நினைப்பார்கள். மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுழற்றுகிறது. வீட்டில் சாதாரணமாக மாட்டும் ஸ்பிளிட் ஏசியும் அறையின் காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. பழைய காற்று வெளியே போகவும் புதுக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பாட்டி சொன்ன அதே காற்று வழிதான்! ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தால், வருவதும் போவதும் அந்த ஒன்றிலேயே நெருக்கியடிக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு சன்னலோ கதவோ திறந்திருந்தால் காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். பாட்டி வீட்டுச் சாம்பிராணிப் புகை அடுப்பங்கரை வழியாகக் கொல்லைக்கு ஓடியது, கொல்லைக் கதவு எப்போதும் திறந்தே இருந்ததால்தான்.

வரும் விடுமுறை நாளில் நீங்களும் ஒரு கணக்கெடுப்புச் செய்யலாம். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், நெருப்பு வேலை என்பதால் தனியாக வேண்டாம். கட்டம் போட்ட தாளில் உங்கள் அறையின் படத்தை வரையுங்கள். ஒரு கட்டம் ஓர் அடி. ஏற்றிய ஊதுபத்தியோடு ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, திரைச்சீலை, துணி, படுக்கை பக்கம் போகாமல், புகை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்த்து அம்புக்குறி போடுங்கள். முதலில் சன்னலைச் சாத்திவிட்டு ஒரு படம், பிறகு சன்னலையும் எதிரே உள்ள கதவையும் திறந்துவிட்டு ஒரு படம். கடைசியாக இரண்டாவது படத்தில் எந்த மூலையில் புகை எங்கும் நகராமல் தேங்கி நிற்கிறது என்று தேடுங்கள். நீங்கள் தூங்கும் இடம் அந்த மூலையில் இருந்தால், படத்தை அப்பா அம்மாவிடம் காட்டி, பாயையோ கட்டிலையோ வேறு பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.